கேட்காமல் கிடைத்த காளைகள்

உங்கள் மாணவர் மன்றத்தின் பெயரை அழைப்பிதழில் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். சுற்றுச்சூழல், விலங்குகள், சர்வதேசச் சட்டம் என்று மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டியிருக்கிறீர்கள். எண்பதுகளில் நாங்களும் இதே மூன்றை இப்படித்தான் கட்டினோம். கட்டிய கயிறு யார் கையில் வந்து சேர்ந்தது என்பதுதான் கதை.

நீங்கள் கேட்டது வாழ்த்துரை. எனக்கு அது வராது. வாயைத் திறந்தால் வழக்குதான் வரும். வக்கீல் தொழிலில் அங்கியைக் கழற்றி மாட்டிவிடலாம், வாயைக் கழற்ற முடியாது. ஆகவே எங்கள் மன்றத்தின் முதல் வழக்கைச் சொல்கிறேன். அதில் எதை எடுத்துக்கொள்வது, எதைச் சிரித்துவிட்டு விடுவது என்பது உங்கள் பாடு.

அப்போது எங்கள் பக்கத்தில் சட்டம் படிக்க வேண்டுமென்றால் வெளியூர் போக வேண்டும். நாங்கள் மூன்று பேர் மொரப்பூரில் பாசஞ்சர் ரயிலேறிச் சேலத்துக்குப் போய்ப் படித்தோம். என் ஊர் மொரப்பூருக்கும் கம்பைநல்லூருக்கும் நடுவில். சம்பத் அரூரிலிருந்து பஸ்ஸில் வருவார். ஜமால் கம்பைநல்லூரில் ஜவுளிக்கடை வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை. ஒரே வயது, ஒரே வகுப்பு. ஆனாலும் ஒருவரையொருவர் 'ங்க' போட்டுத்தான் பேசுவோம். சண்டை வந்தாலும் 'ங்க' போகாது. "நீங்க ஒரு முட்டாளுங்க" என்று சம்பத் ஜமாலைத் திட்டியதை நானே கேட்டிருக்கிறேன்.

மன்றம் அந்த ரயிலில்தான் பிறந்தது. எனக்கு ஏரி, குளம், வாய்க்கால் என்றால் அக்கறை. சம்பத்துக்கு நாய், கழுதை, மாடு எது அடிபட்டாலும் பொறுக்காது. ஜமாலுக்கு உள்ளூர் விஷயம் எதுவும் தொண்டையில் இறங்காது. தேசங்களுக்கு நடுவே போட்ட ஒப்பந்தம் என்றால்தான் கண்ணில் வெளிச்சம் வரும். யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. மூன்றையும் பெயரில் ஏற்றினோம். "இத்தாம் பெரிய பேருக்குத் தோசைக்கல்லு அளவுல ஸ்டாம்பு வெட்டணுங்க" என்றார் ரப்பர் ஸ்டாம்பு செய்பவர். நான் தலைவி, சம்பத் செயலாளர், ஜமால் பொருளாளர். சாதாரண உறுப்பினர் என்று ஒருவர்கூட இல்லை. ஆனால் கூட்டம் தவறாமல் நடக்கும், தீர்மானங்கள் ஏகமனதாக நிறைவேறும், அவற்றால் உலகத்தில் ஒரு புல்லும் அசையாது.

ஒரு தை மாதம். கரும்பு வெட்டு மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. ஜமால் வீட்டில் மன்றக் கூட்டம் என்று மூவரும் மாலையில் கம்பைநல்லூர் ரோட்டில் நடந்துபோனோம். எதிரே ஒரு கரும்பு வண்டி வந்தது. வீட்டுக் கூரை உயரத்துக்குக் கரும்பு. வலது பக்கத்துக் காளை மேட்டில் ஏற முடியாமல் முன்னங்கால் மடங்கி ரோட்டிலேயே மண்டியிட்டது. நுகத்தடி உரசும் இடத்தில் தோல் கிழிந்து, உள்ளங்கை அகலத்துக்குப் புண். வண்டிக்காரர் கீழே குதித்து வாலை முறுக்கினார்.

சம்பத் பாய்ந்துபோய் சாட்டையைப் பிடுங்கினார். "இது குற்றம், தெரியுங்களா? மிருகவதைத் தடைச் சட்டம்!"

"மிருகமா? இது எங்கூட்டு மாடுங்க" என்றார் வண்டிக்காரர். மாதப்பன் அவர் பெயர். ஒல்லியான மனிதர், வாய் மட்டும் பெரிது. புண்ணைக் காட்டியதும் கொஞ்சமும் கூசாமல், "அது கொசு கடிச்சதுங்க" என்றார். அந்தப் புண்ணை உண்டாக்கக்கூடிய கொசு எங்கள் மாவட்டத்தில் இல்லை என்று ஜமால் வாதாடினார்.

ஸ்டேஷனுக்குப் போனோம். அங்கிருந்த ஏட்டு முதலில் மாட்டுக்கெல்லாம் கேஸ் எழுதுவதில்லை என்றார். சம்பத் சட்டப் புத்தகத்தைத் திறந்து பிரிவு பிரிவாக வாசித்தார். நான்காவது பிரிவில் ஏட்டுக்குத் தலைவலி வந்துவிட்டது. கேஸ் எழுதினார், இரண்டு காளைகளையும் கைப்பற்றி ஸ்டேஷன் வளாகத்தில் கட்டினார். நாங்கள் ஜமால் வீட்டுக்குப் போய் வெற்றியைப் பிரியாணியோடு கொண்டாடினோம்.

மறுநாள் காலை ஏட்டே எங்களைத் தேடி வந்தார். ராத்திரியோடு ராத்திரியாகக் காளைகள் ஸ்டேஷனின் செம்பருத்தி வேலியைத் தின்று முடித்திருந்தன. "எங்ககிட்ட லாக்கப்பு இருக்குது, கட்டுத்தறி இல்லீங்க. நாளைக்கி கோர்ட்டுல வெக்கிறேன். நீங்களும் வந்து சொல்றதச் சொல்லிடுங்க" என்றார்.

அன்று முழுக்க உட்கார்ந்து மனு எழுதினோம். எழுதினோம் என்பது பெரிய வார்த்தை. ஜமால் எங்கிருந்தோ ஒரு பழைய மனுவை வாங்கி வந்தார். அதன் அச்சிலேயே எங்கள் விஷயத்தை ஊற்றினோம். காளைகளை எதிரியிடம் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் கோரிக்கை. கோர்ட் பாஷையில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிரி என்று பெயர். அந்தச் சொல்லே பாதிக் கெடுதல் செய்துவிடுகிறது. கடைசியில், எல்லா மனுவிலும் இருக்கும் அந்த வரி: 'மேலும் கனம் கோர்ட்டார் அவர்கள் தக்கதெனக் கருதும் இதர உத்தரவுகளையும் பிறப்பிக்க வேண்டுமாய்ப் பிரார்த்திக்கிறோம்.' நீங்களும் எழுதுவீர்கள். ஏன் என்று கேட்டால் எல்லோரும் எழுதுகிறார்கள் என்பீர்கள். நாங்களும் அப்படித்தான்.

கோர்ட்டுக்கு என் அப்பா வந்திருந்தார். உர மூட்டை வாங்க வந்த சாக்கில் மகள் கோர்ட்டில் நிற்பதைப் பார்க்க வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில், தலைக்கு எண்ணெய் தடவிக்கொண்டு வந்திருந்தார். பக்கத்தில் நின்றவர்களிடமெல்லாம், "நடுவுல நிக்குதே, அது நம்ம பாப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மாஜிஸ்திரேட் மனுவை நிதானமாகப் படித்தார். வயதானவர், மூக்குக் கண்ணாடி மூக்கின் நுனியில் இருக்கும்.

"வண்டிக்காரருகிட்டக் கொடுக்கக் கூடாதுங்கறீங்க. புண்ணைப் பாத்தா நியாயமாத்தான் இருக்குது. ஸ்டேஷன்ல வைக்க முடியாதுங்கறாங்க. மாடு அடைக்கிற ஊர்ப் பட்டி இடிஞ்சு கெடக்குது. அப்ப எங்க வைக்கிறது?"

இந்தக் கேள்விக்கு எங்கள் மனுவில் பதில் இல்லை. சம்பத் என்னைப் பார்த்தார், நான் ஜமாலைப் பார்த்தேன். ஜமாலுக்கு இதைவிட நல்ல தருணம் வாய்க்காது என்று தோன்றிவிட்டது.

"ஐயா, உயிரினங்களைப் பாதுகாக்கும் பொறுப்பு எல்லா தேசங்களுக்கும் பொதுன்னு சர்வதேச மாநாட்டுத் தீர்மானம் சொல்லுதுங்க."

மாஜிஸ்திரேட் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அவரைப் பார்த்தார். "நல்ல தீர்மானந்தான். வைக்கோல் யாரு போடணும்னு அதுல இருக்குதாப்பா?"

"இல்லீங்கய்யா."

"வச்சுக்க ஆளில்லைன்னா ஏலம் விடறதுதான் வழி."

"ஏலம் வேணாங்கய்யா!" என்று கத்தினார் சம்பத். அதே நொடியில் பின்னாலிருந்து, "ஏலம் வேணாஞ் சாமி!" என்று கத்தினார் மாதப்பன். புகார் கொடுத்தவரும் எதிரியும் ஒரே குரலில் பேசிய வழக்கை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை. புண்பட்ட காளை ஏலத்தில் போனால் அடுத்து எங்கே போகும் என்பது இருவருக்கும் தெரியும்.

மாஜிஸ்திரேட் மனுவை மறுபடி எடுத்தார், கடைசிப் பக்கத்துக்குப் போனார், அந்த வரியை உரக்க வாசித்தார். "தக்கதெனக் கருதும் இதர உத்தரவுகளை… சரி, நீங்களே கேட்டிருக்கீங்க. காளைகளை மன்றத்தின் பொறுப்பிலேயே ஒப்படைக்கிறேன். கூப்பிடும்போது உயிரோட கொண்டுவந்து நிறுத்தணும். எதிரி கையில விடக் கூடாது. நிலம் உள்ள ஒருத்தரு ஜாமீன் போடணும்."

கோர்ட் முழுக்க நிலம் உள்ளவரைத் தேடியது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் ஒருவர் நின்றிருந்தார்.

"கேசு போட்டது நீங்க, ஜாமீன் நானா?" என்று அப்பா வெளியே வந்ததும் ஆரம்பித்தார். "பாப்பா, ஊருல பொண்ணுங்க காலேஜுக்குப் போனா கப்பு வாங்கியாருது, சர்ட்டிபிகேட்டு வாங்கியாருது. நீ மாடு வாங்கியார்றே." திட்டிக்கொண்டேதான் கயிற்றைப் பிடித்தார். எங்கள் மூவர் கையிலும் கயிறு நிற்காது என்பதை அவர் பார்த்ததுமே கண்டுகொண்டார். இஸ்திரி போட்ட வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அப்பா முன்னால் மாடுகளோடு போக, நாங்கள் சட்டப் புத்தகங்களோடு பின்னால் போனோம். நன்றாகப் பின்தங்கி மாதப்பன் வந்தார். எங்கள் வீட்டு வேலி வரை வந்து அங்கேயே நின்றுகொண்டார்.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். சட்டம் படிக்கிற பிள்ளைகளுக்கு உத்தரவு வாங்குவதோடு வழக்கு முடிந்துவிடுகிறது. உத்தரவு கிடைத்த மறுநாள் காலையில் யாராவது சாணி அள்ள வேண்டும் என்பது எந்தப் பாடத்திலும் வராது.

கால்நடை டாக்டர் வந்து பார்த்தார். புண்ணின் மேல் கறுப்பாக ஏதோ அப்பியிருந்தது. "என்னத்தப் பூசினாங்க?" என்றார். வேலிக்கு அப்பாலிருந்து மாதப்பன், "வண்டி மைங்க, சக்கரத்துக்குப் போடறது" என்றார் பெருமையாக. டாக்டர் அவரைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. காலையும் மாலையும் கழுவி மருந்து போட வேண்டும், ஆறும் வரை நுகத்தடி படக் கூடாது, பட்டால் சீழ் வைத்து மாடு எழாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

முதல் நாள் மருந்து போட சம்பத் போனார். விலங்குச் சட்டம் அவருடைய துறை. காளை ஒரே உதை. சம்பத் குப்பைக்குழியில் உட்கார்ந்திருந்தார். அடுத்து ஜமால், தூரத்திலிருந்து ஒரு குச்சியில் மருந்தைத் தொட்டுப் பூசப் பார்த்தார். காளை குச்சியை வாங்கிக் கடித்துத் துப்பியது. அப்பா கரும்புத் தோட்டத்தில் இருந்தார். நான் கிட்டே போனதும் கொம்பை ஆட்டியது.

அப்போது வேலிப் பக்கமிருந்து, "ஓ… ஓ… நில்லுடா ராசா" என்று சத்தம் வந்தது. காளை காதை விறைத்துக்கொண்டு நின்றது. மாதப்பன் வேலிக்கு வெளியேதான் இருந்தார். கோர்ட் சொன்னதை மீறவில்லை. அங்கிருந்தே கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆனால் அவர் வாயை மூடினால் காளை உதைத்தது. இப்படி எத்தனை நாள் மருந்து போடுவது?

நான் வேலியின் மூங்கில் படலைத் திறந்தேன். "உள்ள வாங்க" என்றேன்.

"எதிரி கையில விடக் கூடாதுன்னு உத்தரவுங்க!" என்றார் சம்பத் குப்பைக்குழியிலிருந்து.

"உயிரோட நிறுத்தணும்னும் உத்தரவுங்க" என்றேன்.

மாதப்பன் தினமும் இரண்டு வேளை வந்தார். அவர் காளையின் தலையைப் பிடித்துக்கொள்ள, நான் புண்ணைக் கழுவி மருந்து போட்டேன். நடுவில் ஒரு நாள் மடியிலிருந்து வண்டி மைப் பொட்டலத்தை எடுத்தார். பிடுங்கி எறிந்தேன். "டாக்டரு மருந்து ஒரு பக்கம், இது ஒரு பக்கம் இருந்தா சீக்கிரம் ஆறுமுங்க பாப்பா" என்று கெஞ்சினார். அந்த மனிதரைத் திருத்த எந்தக் கோர்ட்டாலும் முடியாது.

ஒரு நாள் சம்பத்தும் ஜமாலும் பார்த்துக்கொண்டிருக்க, மருந்து போட்டுக்கொண்டே கேட்டேன். கேட்டிருக்க வேண்டியது ரோட்டிலேயே. "இவ்வளவு புண்ணோட எதுக்கு அவ்வளவு பாரம் ஏத்தினீங்க?"

"நான் எங்கீங்க ஏத்துனேன்? ஏத்துறது வெல்ல ஆலைக்காரரு ஆளுங்க. எனக்கு நடைக்குத்தான் கூலி. ஒரு நடையில எத்தினி கட்டு ஏறுதோ, அத்தினியும் அவருக்கு லாபம். கம்மியாப் போடுங்கன்னா, எறங்கிக்கோ, அடுத்த வண்டி நிக்குதுங்கறாரு." காளையின் நெற்றியைச் சொறிந்துகொண்டே இருந்தார். "இப்பவே என் எடத்துக்கு வேற வண்டி வெச்சிட்டேங்கறாரு. இந்த வெட்டு முடியறதுக்குள்ள நான் போவலன்னா அடுத்த வருசமும் கூப்புட மாட்டாரு. வண்டி ஓடலன்னா எங்கூட்டுல அடுப்பு எரியாதுங்க. புண்ணு இருக்குதுன்னு எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிஞ்சுதான் ஓட்டுனேன்."

எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் பாதி, எங்கள் மேல் பாதி. சட்டத்தில் வண்டியை ஓட்டியவர் மட்டுமல்ல, பாரம் ஏற்ற வைத்தவரும் குற்றவாளி என்று இருக்கிறது. சம்பத் அந்தப் பிரிவை ஏட்டுக்குத் தலைவலி வரும்படி வாசித்தவர். வாசித்தோம், ஆனால் சாட்டை யார் கையில் இருந்தது என்பதை மட்டுமே பார்த்தோம். கரும்பு யாருடையது என்று கேட்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத் தெருவில் சைக்கிள் மணி கேட்டது. ஏட்டு. கோர்ட் சொத்து பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்க வந்திருந்தார்.

சம்பத்துக்குச் சட்டென்று வேலை செய்தது மூளை அல்ல, கை. மாதப்பனைப் பிடித்து வைக்கோற்போருக்குப் பின்னால் தள்ளி, மேலே ஒரு கோணியையும் போட்டுவிட்டார். ஜமால் ஏட்டிடம் போய் வெயிலைப் பற்றிப் பேசத் தொடங்கினார். எல்லாம் சரியாகவே நடந்திருக்கும். காளை மட்டும் வைக்கோற்போரைப் பார்த்து, "ம்மா" என்று கத்தியது. ஏட்டு திரும்பிப் பார்த்தார். மறுபடி கத்தியது. வைக்கோற்போர் தும்மியது.

ஏட்டு சிரிக்கவில்லை. "ஏம்ப்பா, படிச்ச புள்ளைங்க. எதிரி கையில விடக் கூடாதுன்னு எழுதிக் குடுத்துட்டு, அவனையே வூட்டுக்குள்ள வெச்சிருக்கீங்க. நான் எழுதியே ஆவணும். எழுதுனா ஜாமீன் பத்திரம் ரத்து. மாடு ஏலத்துக்குப் போவும். ஜாமீன் போட்ட பெரியவருக்கும் நோட்டீசு வரும்."

வைக்கோற்போரிலிருந்து மாதப்பன் வெளியே வந்தார். கோணி இன்னும் தோளில் இருந்தது. "ஐயா, நாந்தான் வேலி தாண்டி வந்தேன். இவங்களுக்குத் தெரியாதுங்க" என்றார். அதுவரை அவர் சொன்ன பொய்களில் அது ஒன்றுதான் எனக்குப் பிடித்தது.

சம்பத் என் பக்கம் குனிந்து, "அப்படியே சொல்லிடலாங்க. அவரா வந்துட்டாருன்னு" என்றார் மெதுவாக. ஜமாலும் தலையாட்டினார். யோசித்துப் பாருங்கள். அப்படிச் சொல்லியிருந்தால் நாங்கள் தப்பிப்போம், அப்பாவின் நிலம் தப்பும். மாதப்பன் மேல் இன்னொரு கேஸ் விழும், காளைகள் போய்விடும். உண்மையைச் சொன்னால் எல்லோரும் மாட்டுவோம். வேலி ஓரத்தில் அப்பா கரும்புத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்து நின்றதைக் கூட நான் பார்க்கவில்லை.

"ஏட்டய்யா, பாத்ததை அப்படியே எழுதிக்குங்க" என்றேன். "படலைத் திறந்துவிட்டது நான். அதையும் எழுதுங்க. நாளைக்கிக் காலையில நாங்களே கோர்ட்டுக்கு வந்து முதல்ல சொல்லிடறோம்."

ஏட்டு சைக்கிள் ஸ்டாண்டை எடுத்தார். "கோர்ட்டு பத்தரைக்கித் தொடங்குது. நான் டீ குடிச்சிட்டு மெதுவாத்தான் வருவேன்" என்று சொல்லிவிட்டு சைக்கிளைத் திருப்பினார்.

இதை மட்டும் நெஞ்சில் எழுதிக்கொள்ளுங்கள். நம் தரப்பில் ஒரு தப்பு நடந்துவிட்டால் அதைக் கோர்ட்டுக்குச் சொல்லும் முதல் வாய் நம்முடையதாக இருக்க வேண்டும். இரண்டாவதாகச் சொன்னால் அதே உண்மைக்கு வாக்குமூலம் என்று பெயர்.

அன்று மாலை வீட்டில் அப்பா முன்னால் மூவரும் உட்கார்ந்தோம். மாதப்பனின் ஒரு காளைக்குப் புண் இல்லை. அதோடு ஜோடி சேர ஒரு காளை இருந்தால் அளவான பாரத்தில் அவர் வண்டி ஓட்டலாம். எங்கள் தொழுவத்தில் அப்பாவின் காளை ஒன்று இருந்தது. அதைக் கேட்க வேண்டும்.

"ஜாமீன் போட்டேன். தீவனம் போட்டேன். இப்ப மாட்டையும் குடுக்கறதா?" அப்பாவின் குரல் ஏறியது. "அடுத்த வாரம் நம்ம கரும்பும் அந்த ஆலைக்குத்தான் போவணும். அந்தாளு மேலயும் மனு போடறேங்கற. நம்ம கரும்ப வாங்கலன்னா என்னா பண்றது, நீயும் உங்க சர்வதேசமும் உக்காந்து கடிச்சுத் தின்பீங்களா?"

"தின்போங்க" என்றார் ஜமால் பயபக்தியோடு.

அப்பா அவரை முறைத்தார். பிறகு சிரித்துவிட்டார். எழுந்து தொழுவத்துக்குப் போய்த் தன் காளையின் முதுகைத் தட்டிக்கொண்டு நின்றார். "அந்த மேட்டுல வெளையாட்டுக்குக்கூட அதிகப் பாரம் ஏத்தக் கூடாது, சொல்லிப்புட்டேன். ஏத்துனா நானே கேசு போடுவேன்" என்றார். எங்கள் மன்றத்துக்கு நான்காவதாக ஓர் உறுப்பினர் கிடைத்தது அப்படித்தான்.

இந்த முறை மனுவை நான் எழுதினேன். பழைய அச்சு எதையும் பார்க்கவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதி, வேண்டியதை மட்டும் கேட்டேன். மாதப்பன் எங்கள் தொழுவத்துக்கு வந்து தன் காளையைப் பார்த்துக்கொள்ள அனுமதி வேண்டும். புண் இல்லாத காளை அப்பாவின் காளையோடு சேர்ந்து, சட்டம் சொன்ன பாரத்துக்குள் வண்டி இழுக்க வேண்டும். பாரம் ஏற்ற வைத்த ஆலைக்காரரைக் கோர்ட் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும்.

கோர்ட்டில் சம்பத் மனுவை என் கையில் திணித்துவிட்டுப் பின்னால் போய் நின்றுகொண்டார். தலைவி என்ற முறையில் நானே பேசினேன். படலைத் திறந்ததையும், வைக்கோற்போர் தும்மியதையும் சொன்னேன். அரசு வக்கீல் வாயைப் பொத்திக்கொண்டார். மாஜிஸ்திரேட் முகத்தில் ஒரு கோடும் அசையவில்லை. மாதப்பன் ஒரு மூலையில் கைகட்டி நின்றார். ஏலம் என்ற சொல் வந்துவிடுமோ என்று மாஜிஸ்திரேட்டின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும்தான்.

மாஜிஸ்திரேட் மனுவைப் படித்து முடித்தார். கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். பின்பக்கமும் பார்த்தார்.

"எல்லா மனுவுலயும் கடைசியா ஒரு வரி இருக்குமே, அது எங்கம்மா?"

"இந்தத் தடவை வேணாங்கய்யா" என்றேன். "போன தடவை ரெண்டு மாடு கிடைச்சுது. கேட்டது மட்டும் கொடுத்தாப் போதுங்க."

கோர்ட் சிரித்த சிரிப்பில் மேலே உட்கார்ந்திருந்த புறாக்கள் பறந்தன. மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், ரொம்ப நேரம் துடைத்தார். அப்புறம் கேட்டதை மட்டும் கொடுத்தார். இனிமேல் வேலியோ உத்தரவோ தாண்டுவதற்கு முன்னால் இங்கே வந்து கேட்க வேண்டும் என்று ஒரு குட்டும் வைத்தார். வாங்கிக்கொண்டேன். அப்போதுதான் கோர்ட்டுக்குள் நுழைந்த ஏட்டிடம் டீ வாசனை அடித்தது.

ஆலைக்காரர் வந்தார், முணுமுணுத்தார், மாதப்பனோடு அவரும் அபராதம் கட்டினார். அதற்குப் பிறகு அவர் திருந்திவிட்டார் என்று சொன்னால் நீங்களே நம்ப மாட்டீர்கள். ஆனால் அந்த வெட்டு முடியும் வரை அப்பா தினமும் சாயங்காலம் ஆலை வாசலில் போய் நின்றுகொண்டு, வண்டிகளில் வந்து இறங்குகிற கரும்புக் கட்டுகளை முறைத்தார். பாரம் குறைந்தது. மற்ற வண்டிக்காரர்களும் அப்பா நிற்கிற நேரத்துக்கே வண்டி கட்ட ஆரம்பித்தார்கள். எங்கள் கரும்பையும் ஆலைக்காரர் வாங்கிக்கொண்டார். வாங்காவிட்டால் அப்பா இன்னும் அதிக நேரம் நிற்பார் என்று பயந்திருக்க வேண்டும். பங்குனியில் புண் ஆறி, காளை தன் ஜோடியோடு வீட்டுக்குப் போனது. போகும்போது திரும்பிப் பார்க்கவில்லை. சம்பத்துக்கு அதில் வருத்தம். உதைக்காமல் போனதே பெரிது என்றேன்.

சம்பத் பின்னால் அரசு வேலைக்குப் போனார். ஜமால் வெளிநாடு போனார். 'கம்பைநல்லூர் வண்டி மாடும் சர்வதேசச் சட்டமும்' என்று அவர் எழுதிய கட்டுரை எங்கள் கையெழுத்துப் பத்திரிகையின் முதல் இதழில் வந்தது. இரண்டாவது இதழ் வரவில்லை. நான் அதே கோர்ட்டில் அங்கி போட்டேன்.

போட்ட முதல் நாள் வளாகத்துப் புங்க மரத்தடியில் நின்றிருந்தேன். யாரும் வரவில்லை. பெண் வக்கீலைத் தாண்டிப் போகிறவர்கள் ஏதோ கம்பத்தைத் தாண்டுவதுபோலத் தாண்டிப் போனார்கள். மத்தியானம் போல மாதப்பன் வந்தார். அவர் ஊர் வண்டிப் பாதையில் யாரோ கல்லுடைக்கிறவர்கள் கழிவைக் கொட்டி அடைத்துவிட்டார்கள், கேஸ் போட வேண்டும். பெரிய வக்கீல் ஒருவரின் குமாஸ்தா பாதியில் மடக்கி, "எங்கய்யாகிட்ட வாய்யா, பேரு பெத்தவரு" என்று கையைப் பிடித்தார்.

"இல்லீங்க. எம்மேல கேசு குடுத்துச்சே, அந்த வக்கீலம்மாதான் வேணும்."

"அதுங்கிட்ட அப்படி என்னாய்யா இருக்குது?"

மாதப்பன் கையை விடுவித்துக்கொண்டார். "கேசு எப்பிடிப் போனாலும் அவங்கூட்டுல மாடு கட்ட எடமிருக்குதுங்க" என்றார்.

குமாஸ்தா விழித்தார். நான் மரத்தடியிலிருந்து நடந்துபோய் மாதப்பனை அழைத்து வந்தேன். என் முதல் வக்காலத்தில் அன்று அவர்தான் கைநாட்டு வைத்தார்.